பிடிக்காத பள்ளியின் கூட்டத்துக்குப் போக வேண்டுமா?

கேள்வி: 22 ஜூன் 2024

பெரியவனுக்கு நாங்கள் நினைத்த பள்ளி கிடைக்கவில்லை. தனியார் பள்ளியில் இலவச இடம் தருகிற ஆர்.டி.ஈ. (கல்வி உரிமைச் சட்டம்) குலுக்கலிலும் பெயர் வரவில்லை. வேறு வழியில்லாமல் குடியாத்தத்தில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்திருக்கிறோம். அடுத்த வருடம் எப்படியும் மாற்றிவிடுவோம். இப்போது பெற்றோர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழு என்று கூப்பிடுகிறார்கள். ஒரு வருடத்துக்காக இதிலெல்லாம் தலையிட வேண்டுமா? அங்கே வருகிற பெற்றோரைப் பார்த்தால் பிள்ளை படிப்பில் அக்கறை உள்ளவர்களாகத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 22 ஜூன் 2024, இரவு 10.40

"அடுத்த வருடம் மாற்றிவிடுவோம்" என்று நானும்தான் சொன்னேன். 2021-ல். மகள் இப்போது அதே பள்ளியில் ஏழாவது. கூட்டத்துக்குப் போங்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். கரண்ட் இல்லை, போனில் பதினோரு சதவீதம்தான் இருக்கிறது.

23 ஜூன் 2024

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அரசுப் பள்ளிக்குக் கொடி பிடிக்க வந்தவன் என்று நினைப்பீர்கள். நான் அங்கே விரும்பிப் போனவன் இல்லை, வந்து விழுந்தவன்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே, காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் டிக்கெட் புக்கிங் கடை வைத்திருந்தேன். வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எல்லாமே வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற நோயாளிகளை நம்பித்தான் ஓடுகின்றன. கடை போர்டுகூட வங்காளத்தில் எழுதியிருக்கும். காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த காசில்தான் மகளை ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படிக்க வைத்தேன். 2020 மார்ச்சில் ரயில் நின்றது. கடை அதற்குப் பிறகு ஒரு வருடம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அதுவும் நின்றது.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு தொரப்பாடியில் மாமியார் வீட்டுக்கு வந்தோம். பழைய பள்ளியில் 18,400 ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால்தான் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) என்றார்கள். கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவைப் படித்து வைத்திருந்தேன். டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டி இன்னொரு பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அது. அதை ஜெராக்ஸ் எடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டு, சண்டைக்குத் தயாராகப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளைய உள்ள அனுப்புங்க சார், பேப்பர் வர்றப்ப வரட்டும்" என்றார். அரசுக் கணினியில் மாணவருக்குள்ள எமிஸ் எண்ணை, வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு விடவே பழைய பள்ளிக்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை என் மகள் கணினிக் கணக்கில் எந்தப் பள்ளியிலும் இல்லாதவள்.

கொரோனாவுக்காக மூடிய பள்ளியை 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தார்கள். அந்த நவம்பரில்தான் பாலாற்றில் வெள்ளம் வந்தது. ஊரே பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தது. நான் மட்டும் மகளை ஆற்றைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்கே அனுப்பவில்லை. அனுப்ப மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

25 ஜூன் 2024

பிடிக்காத பள்ளியில் சேர்த்த பெற்றோர் என்னென்ன செய்வார்கள் என்று என்னை வைத்தே சொல்கிறேன்.

பழைய பள்ளிப் பையை, பெயர் அச்சிட்டதை, மாற்றவில்லை. பை நன்றாகத்தானே இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். ஜிப் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. பழைய கறுப்பு ஷூவை, கட்டைவிரல் மடங்குகிற அளவுக்குச் சிறிதான பிறகும் போடச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் செருப்பு. என் பிள்ளை அவர்களில் ஒருத்தி இல்லை என்பதை வாசலில் நிற்கிற நாலு பேருக்கு அந்த ஷூ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் கேட்டால் பள்ளிப் பெயரைச் சொல்ல மாட்டேன். "இங்க பக்கத்துலதான்" என்பேன். போன மாதம் பத்தாவது ரிசல்ட் வந்தபோது திருவண்ணாமலையிலிருந்து என் அக்கா வீட்டுக்காரர் வேலை மெனக்கெட்டு போன் பண்ணினார். வேலூர் மாவட்டம் 82.07 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. "பாத்தியா, உங்க மாவட்டமே கடைசி, அதுலயும் நீ…" என்று இழுத்தார். என் மகள் அப்போது ஆறாவதுதான் முடித்திருந்தாள். அந்த ரிசல்ட்டில் தனியார் பள்ளியும் சேர்த்திதான். இரண்டையும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கூட்டத்துக்கும் போக மாட்டேன். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க யோசிப்போம் இல்லையா, அந்த மாதிரி. அங்கே போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் இது நம் பள்ளி என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான். வேலை இருக்கிறது என்று சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு அப்போது வேலையே கிடையாது.

25 ஜூன் 2024, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டு, "ஷூவ போடச் சொன்னது நீங்க இல்ல, அவளேதான் கழட்ட மாட்டேன்னா" என்கிறாள். இருக்கலாம். நான் தடுக்கவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

26 ஜூன் 2024

ஆர்.டி.ஈ. பற்றிக் கேட்டவருக்கு: 25 சதவீத இடம் நுழைவு வகுப்புக்குத்தான், எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். என் மகள் மாதிரி நாலாவதில் விழுகிறவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. உங்கள் பையனுக்கும் ஒன்றாம் வகுப்பு சேர்த்தாகிவிட்டது என்றால் அடுத்த வருடம் இரண்டாவதற்கு அந்த வழி கிடையாது. "அடுத்த வருடம் மாற்றுவோம்" என்பதைக் கட்டணத்தோடு சேர்த்து யோசியுங்கள்.

6 ஜூலை 2024

நான் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த கதையைச் சொல்லவில்லையே.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தினார்கள், மேலாண்மைக் குழுவைப் புதுசாக அமைப்பதற்காக. ஞாயிறு என்பதால் சாக்கு சொல்ல முடியவில்லை, மாமியார் வேறு "போய்ட்டு வாங்க மாப்ள" என்று துரத்தினார். போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சு, முட்டி தாடையில் இடித்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்கார்ந்தேன். சுற்றிலும் முப்பது நாற்பது பெண்கள் தரையிலும் பெஞ்சிலும். நான் ஒருவன் நாற்காலியில்.

சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். அந்த முறை இருபது பேர் குழு. ஏப்ரலில் என் மனைவியைச் சேர்த்தார்கள். அவளுக்கு பதில் பெரும்பாலும் நான்தான் போவேன். அது சரியா என்று யாரும் கேட்கவில்லை.

என் முதல் பெரிய சாதனை கழிப்பறை. தூய்மைப் பணியாளர் வருவதில்லை, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி தலைமையாசிரியை மேசை இழுப்பறையில். என் மகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் போக ஆரம்பித்தாள். தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டோ எடுத்தேன், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்தேன். பத்து நாளில் இன்ஜினியர் வந்தார், அளந்தார், போனார். பைப் மாற்றினார்கள், புதுக் கதவும் வந்தது. தலைமையாசிரியை அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மகளுக்குத் தமிழ் நோட்டில் "நன்று" வருவதும் கொஞ்ச நாள் நின்றது என்று எனக்குத் தோன்றியது. நானே கற்பனை செய்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் காரியம் நடந்தது. கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: மற்ற பெற்றோர் கேட்க மாட்டார்கள், பயப்படுவார்கள், அக்கறையும் இல்லை. நம்மை மாதிரி நாலு பேர் போனால்தான் எதுவும் நகரும்.

9 ஜூலை 2024

சனிக்கிழமை எழுதியதில் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

அதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், பாராட்டுவாள் என்று. "சாவி ஏன் இழுப்பறைல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. பள்ளி திறந்த நாளிலிருந்தே சனிக்கிழமை காலையில் இரண்டு அம்மாக்கள் வந்து அந்தக் கழிப்பறையைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கெடுத்துவிடும் என்று, கழுவியது ஒரு மூன்று நாளாவது தாங்கட்டும் என்று, பூட்டச் சொன்னதும் அவர்கள்தான். பெரிய பெண்கள் கேட்டால் சாவி கொடுப்பார்கள். என் மகள் கேட்கவில்லை, வெட்கம். புதுப் பள்ளி, புது ஆட்கள், நான் வேறு ஷூ மாட்டி அனுப்பியவன்.

அந்த இருவரில் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பின்தெரு, பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்து, கத்தரியால் இலை வெட்டிக்கொண்டே பேசுவார். கண் முறத்தைப் பார்க்காது, கை பார்த்துக்கொள்ளும். நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மன்னிப்பு மாதிரிதான், அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அவர் நூலைக் கட்டிக்கொண்டே, "நீங்க மனு குடுத்ததும் நல்லதுதான் சார், கதவு வந்துச்சே" என்றார். அப்புறம், "ஆனா எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களும் வந்திருப்போம், அஞ்சாறு பேரா வந்தா டீச்சரம்மாவுக்கும் கோவம் வந்திருக்காது" என்றார்.

ஏன் கூட்டத்தில் பேசுவதில்லை என்று கேட்டேன். கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்துக்கு வந்தால் நனைத்து வைத்த இலை காய்ந்துவிடுமாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கூட்டம் என்றால் அன்றைக்கு ஆயிரம் முடியாது. இன்னும் பல அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வீடு. அக்கறை இல்லாதவர்கள் என்று நான் எண்ணி வைத்த பட்டியலில் பாதி இவர்கள்.

அப்புறம் ஒன்று சொன்னார். நேற்றிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. "நீங்க எப்ப வேணா பிள்ளைய இட்டுகினு பூடுவீங்க சார். நாங்க இங்கதான் இருக்கணும். டீச்சரம்மாவ பகைச்சிக்கினா எப்படி?"

10 ஜூலை 2024

சிலர் "அப்போ மனு கொடுத்தது தப்பா?" என்கிறார்கள். தப்பில்லை. பைப் மூன்று இடத்தில் ஒழுகியது, அதை சனிக்கிழமை வாளித் தண்ணீரால் சரிசெய்ய முடியாது. தனியாகக் கொடுத்ததுதான் தப்பு. போட்டோ எடுத்தபோது பூட்டு ஏன் என்று கேட்காததும் தப்பு.

27 ஆகஸ்ட் 2024

குழுவின் இரண்டு வருடம் முடிந்து இந்த மாதம் மறுகட்டமைப்பு. இப்போது இருபத்து நாலு பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் நடந்தது. மனைவி மறுபடி உறுப்பினர். தலைவர் யார் தெரியுமா? பீடிக்காரம்மா. நான் முன்மொழியவில்லை, அந்தப் பெருமையை எனக்குக் கொடுக்காதீர்கள். ஷூ கம்பெனி அம்மாக்கள் அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், அவர்களே பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் ஏற்ற வேண்டும். ரெண்டு வருடமாக என் போனில் நான்தான் தட்டச்சு செய்தேன், நல்ல போன், வேகமாக அடிப்பேன், தலைமையாசிரியைக்கும் வசதி. பழைய தீர்மானங்களை எடுத்துப் பார்த்தேன். இன்டர்நெட், ஸ்மார்ட் போர்டு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. எல்லாம் நான் கேட்டவை. அம்மாக்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னது பின்பக்க கேட்டைத் திறக்க வேண்டும் என்பது. அது பூட்டியிருப்பதால் ஒன்றாவது இரண்டாவது பிள்ளைகள் மெயின் ரோடு சுற்றி வருகின்றன, லாரி போகிற ரோடு. அதை நான் மூன்றாவதாக, நான்காவதாக எழுதியிருக்கிறேன். இரண்டு மாதம் எழுதவே இல்லை. என் மகளுக்கு அந்த வழி தேவையில்லை, அதனால் காதில் விழவில்லை.

எழுதுகிறவன் கையில்தான் தீர்மானம் இருக்கிறது என்பது தெரியாமல் இத்தனை நாள் செய்த வேலை. தெரிந்து செய்ததா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

இப்போது தலைவர் சொல்லச் சொல்ல, என் மனைவி அடிக்கிறாள். மெதுவாகத்தான் அடிப்பாள்.

28 ஆகஸ்ட் 2024

நாற்காலி இன்னும் எனக்குத்தான் போடுகிறார்கள். போன கூட்டத்தில் தலைவருக்குத் தள்ளினேன். "எனக்கு குந்தினாத்தான் சார் வசதி" என்று தரையில் உட்கார்ந்தார். நானும் குந்தினேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. டீ கிடையாது, கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு வந்த அக்கா வீட்டுக்காரர் இந்த முறை தொனியை மாற்றிக்கொண்டார். "விடாதே, அங்கேயே பன்னிரண்டாவது முடிக்கட்டும், ஏழரை சதவீதம் இருக்கே" என்கிறார். 2020-ல் கொண்டுவந்த மருத்துவ இடஒதுக்கீட்டைச் சொல்கிறார். ஆறாவதிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்புறம் பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய், அதற்கும் ஆறாவது முதல் கணக்கு.

2023-ல், மகள் ஐந்தாவது முடித்தபோது, கையில் கொஞ்சம் காசு இருந்தது. கடையை மறுபடி சின்னதாகத் திறந்திருந்தேன், நோயாளிகள் கூட்டம் திரும்பிவிட்டது. பழைய பள்ளிக்கே போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஏழரை சதவீதமும் ஒரு காரணம், மறைக்க மாட்டேன். அரசுப் பள்ளியில் தங்கிய நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கணக்குப் போடாதவர்கள் குறைவு. ஆக, பிடிக்காத பள்ளியில் பிள்ளையை விட்டதும் கணக்கு, எடுக்காமல் இருந்ததும் கணக்கு. நடுவில் அன்பு எந்த இடத்தில் வந்தது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியவில்லை.

மாமியார் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகப்போகிறது. கடையிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் இரண்டை இன்னும் பிரிக்கவில்லை. மாமியார் ஒன்றின் மேல் மிக்ஸியை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை எப்போது வேண்டுமானாலும் கிளம்புவார் என்ற மரியாதையில் அதைப் பிரிக்கச் சொல்வதே இல்லை.

14 ஜூன் 2025

இந்த வருடம் ஆர்.டி.ஈ. விண்ணப்பமே இன்னும் திறக்கவில்லை. ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்று மாநிலம் சொல்கிறது, வழக்கு நீதிமன்றத்தில். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் மே மாதம் முழுக்கக் காத்திருந்தன. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. "தற்காலிகம்தான் சார்" என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். சீருடைகூட எடுக்கவில்லை, கலர் சட்டையில் வருகிறான் பையன். பள்ளியிலேயே இலவசமாகத் தருவார்கள் என்றேன். "அதெல்லாம் வேண்டாம் சார், எதுக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்று புதிதாகக் கவனித்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் வருகைப் பதிவேட்டில் மையால் எழுதவில்லை, பென்சிலால் எழுதியிருக்கிறார். ஏன் டீச்சர் என்றால், "போன முறை மூணு பேரு ஜூலைலயே போய்ட்டாங்க, அடிச்சி அடிச்சி பக்கமே அசிங்கமாயிடுச்சி" என்றார். ஒரு வருடமாகப் பெற்றோர் மனநிலையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்ததே இல்லை. தலைமையாசிரியை இரண்டு மாதம் பேசாமல் இருந்தது மனுவால் மட்டும்தானா? என் மகள் பெயர் அந்த 2021 பதிவேட்டில் மையிலா பென்சிலிலா என்று பார்க்க ஆசை. கேட்கவில்லை. கேட்டால் காட்டுவார், அதுதான் தயக்கம்.

15 ஜூன் 2025

"டீச்சர்கள் அவர்கள் பிள்ளைகளை அங்கேயா சேர்க்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு: எங்கள் பள்ளியில் இல்லை. நான் ஒருமுறை கோபத்தில் இதைத் தலைமையாசிரியையிடமே கேட்டேன். "என் பையன் காலேஜ் முடிச்சிட்டான் சார்" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது.

8 நவம்பர் 2025

பின்பக்க கேட் திறந்தாகிவிட்டது. பதினான்கு மாதம் ஆனது. என் மனு இல்லாமல் ஆனது. தலைவரும் ஐந்தாறு பேரும் கவுன்சிலர் வீட்டு வாசலில் மூன்று முறை போய் உட்கார்ந்தார்களாம், இலை முறத்தையும் எடுத்துக்கொண்டு. அங்கேயே உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறார்கள். மூன்றாம் முறை கவுன்சிலர் வீட்டம்மாவே சாவிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டாராம். காலையில் 8.45 முதல் 9.15வரை, மாலை அரை மணி. யாராவது ஒரு அம்மா நிற்கிறார். புதன்கிழமை என் முறை. கலர் சட்டைப் பையன் இப்போது சீருடையில் வருகிறான், அவன் அப்பா வெள்ளிக்கிழமை நிற்கிறார். "தற்காலிகம்தான்" என்று இன்னும் சொல்கிறார்.

மகள் எட்டாவது. ஏப்ரலோடு இங்கே முடிகிறது, ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி. இந்த முறை அவளையே கேட்டோம். அவள் சொன்ன அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி எனக்கு இஷ்டமில்லை, தூரம், இரண்டு பஸ். அவள் தோழிகள் ஆறு பேர் அங்கே போகிறார்களாம், அதில் ஒருத்தி தலைவரின் மகள். மனைவி அவள் பக்கம். மாமியாரும் அவள் பக்கம். நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், யாரிடம் என்று தெரியவில்லை.

21 நவம்பர் 2025

இந்த இழையைத் தொடங்கிய குடியாத்தத்துக்காரர் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறார். பையன் இரண்டாவது, அதே பள்ளி. முதல் தடவையாகக் கூட்டத்துக்குப் போனாராம். ஒரு வார்த்தையும் பேசவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

பேசாதது நல்லது. முதல் கூட்டத்தில் நான் நிறையப் பேசினேன். எங்கே உட்கார்ந்தீர்கள், நாற்காலியா பெஞ்சா? டீ கொடுத்தார்களா? எங்களுக்கு இன்னும் கிடையாது.